ட்விக்கன்ஹாமில் போப்பின் குகை

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் செய்யுள்களில் ஈடுபாடு உள்ளவர்கள் லண்டனுக்குச் சென்றால், தேம்ஸ் கரையில் ட்விக்கன்ஹாமில் இருக்கும் அவருடைய குகையைத் தவறவிடக் கூடாது. அவரைப் படிக்காதவர்களுக்கு அது கற்கள் பதித்த குறுகிய நிலவறையாக மட்டுமே தோன்றக்கூடும். பள்ளிக் கட்டடம் ஒன்றின் அடியில் இருப்பதால் குறிப்பிட்ட சில நாள்களில்தான் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். எனவே தேதியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது.

இந்தக் குகை கட்டாயத்தில் பிறந்தது. லண்டனிலிருந்து 10 மைல் தொலைவுக்குள் கத்தோலிக்கர் குடியிருக்கக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது என்றெல்லாம் சட்டங்கள் இருந்த காலத்தில் வாழ்ந்த கத்தோலிக்கர் போப். ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியத்தை மொழிபெயர்த்து, முன்பணம் கட்டிய வாசகர்களிடமிருந்து ஈட்டிய வருவாயின் துணையோடு 1719இல் இந்த ஆற்றங்கரை இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஹாம்ப்டன் கோர்ட் சாலை சென்றதால், அதைக் கடக்காமல் தோட்டத்தை அடைய அதன் அடியில் ஒரு வழி தோண்டினார். தேவைக்குத் தோண்டிய வழியைத் தற்பெருமை குகையாக்கிவிட்டது என்று பின்னாளில் அவருடைய வரலாற்றை எழுதிய சாமுவேல் ஜான்சன் கேலி செய்தார். வெயிலுக்கு ஏங்கும் ஆங்கிலேயனுக்குக் குகை எதற்கு என்பது அவருடைய எண்ணம்.

கேலி நியாயமானதுதான். ஆனால் போப்பின் செய்யுள் முறைக்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது என்பேன். அடிக்குப் பத்து அசை, இரண்டு அடிக்கு ஓர் இயைபு என்ற வடிவத்தை இங்கிலாந்தில் முடியாட்சி மீண்டும் நிலைபெற்ற 17ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதியில் நாடகத்துக்கும் அங்கதத்துக்கும் பழக்கியவர் கவிஞர் டிரைடன். போப் அதை மேலும் இறுக்கி, அடியின் நடுவே நிறுத்தம் வைத்து, அதன் இருபுறமும் ஒன்றோடொன்று மோதும் சொற்களை நிறுத்தினார். இடம் குறுகக் குறுக அவருடைய கைத்திறன் கூடியது.

தொடக்கத்தில் சிப்பிகளும் கண்ணாடித் துண்டுகளுமே சுவரை நிறைத்தன. கதவுகளை மூடினால் ஆறும் படகுகளும் சுவரில் அசையும் படமாக விழுந்ததை 1725இல் நண்பர் எட்வர்ட் பிளவுண்டுக்கு எழுதிய கடிதத்தில் போப் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். 1739க்குப் பிறகு அவருடைய ரசனை மாறியது. மெய்யான கனிமச் சுரங்கம்போல் குகை தோன்ற வேண்டும் என்று விரும்பிய அவருக்கு, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வாலிலிருந்து இயற்கை ஆய்வாளர் வில்லியம் போர்லேஸ் தாதுக்களை அனுப்பினார். அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயிலிருந்து வந்த பசால்ட் என்னும் எரிமலைப் பாறைத் துண்டுகளை மருத்துவரும் அரும்பொருள் சேகரிப்பாளருமான ஹான்ஸ் ஸ்லோன் கொடுத்தார். ஆகவே பளபளப்பான சிப்பி மாளிகையைத் தேடி வருபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். சுவரில் கரடுமுரடாக நீட்டிக்கொண்டிருக்கும் கற்களை நிதானமாகப் பார்ப்பவர்களுக்கே இந்த இடம் பிடிபடும். 1744இல் போப் இறந்த மறு ஆண்டே அவருடைய தோட்டக்காரர் ஜான் செர்ல் எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்ற விவரங்களை வெளியிட்டுவிட்டார் என்பது நம்முடைய நல்லூழ்.

மேலே இருந்த வீடு இன்று இல்லை. கவிஞரைத் தேடி ஓயாமல் வந்த கூட்டத்தால் எரிச்சலடைந்த உரிமையாளர் ஹோ சீமாட்டி 1808 வாக்கில் அதை இடித்துத் தள்ளினார். அந்தச் செயலை மன்னிக்க முடியாது. ஆனால் அந்த எரிச்சலைப் போப்பே புரிந்துகொண்டிருப்பார். 1735இல் மருத்துவர் ஆர்பத்நட்டுக்கு எழுதிய செய்யுள் மடலில், பாராட்டுக் கேட்டு வரும் கவிராயர்கள் புதரைத் துளைத்துக்கொண்டும் குகைக்குள் நழுவியும் தரைவழியாகவும் நீர்வழியாகவும் தம்மைத் தாக்குவதாக அவர் புலம்புகிறார்.

குகையைப் பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது. மீதி நேரத்தில் போப் அடக்கம் செய்யப்பட்ட புனித மரியாள் தேவாலயத்துக்கு நடந்து செல்லலாம். கிளம்பும் முன் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால், பள்ளிப் பாடங்கள் கொண்டாடும் தத்துவச் செய்யுள்களை ஒதுக்கிவிட்டு அந்த ஆர்பத்நட் மடலையே படியுங்கள்.