பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நீட், டிஎன்பிஎஸ்சி கைடுகள்தான் கண்ணில் படும். திரும்பிவிடாதீர்கள். சரக்கு கடைசி அலமாரியில்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. கல்லூரி மலர் ஒன்றில், பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு மேற்கோளில் வரும் ‘மிலேச்சர்’ என்ற சொல்லுக்கு ‘நாகரிகமற்ற அந்நியர்’ என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார்கள். எனக்கு உறுத்தியது. உரையோடு பார்க்கலாம் என்று இங்கே போனேன். 1889-இல் உ.வே.சா. முதலில் பதிப்பித்த பத்துப்பாட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு, பிந்திய அச்சு ஒன்று கிடைத்தது. 200 ரூபாய், பேரம் கிடையாது. ஆனால் நின்றுகொண்டே படித்தால் கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை, ஸ்டூலை நகர்த்திப் போடுகிறார்.

‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர் உழையர் ஆக’. படம் என்றால் சட்டை. சட்டை போட்ட, வாய் திறக்காமல் சைகையில் பேசுகிற ஆட்கள். நிற்பது எங்கே? பாசறையில், அரசனின் பள்ளியறைப் பக்கம், ஏவலர்களாக. காட்டுமிராண்டியை யாராவது அதுவரை விடுவார்களா? உள்ளே கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள் என்ற கணக்காக இருக்கும் என்பது என் ஊகம்.

வடமொழியிலும் கதை நாக்கில்தான் தொடங்குகிறது. சதபத பிராமணம் என்ற வேத நூலில் அசுரர்கள் சொல்லைக் குழறித் தோற்கிறார்கள். அந்தக் குழறல்தான் மிலேச்சப் பேச்சு. கிரேக்கரின் ‘பார்பரோஸ்’ கூட, புரியாத பேச்சு ‘பர் பர்’ என்று காதில் விழுந்ததைச் சொன்னதுதான். வசவு அப்புறம் ஏறியது. (ஏற்காட்டிலிருந்து இறங்கி வருபவரைக் ‘காட்டான்’ என்கிற வாய் நம் ஊரிலும் உண்டே.) அடிக்குறிப்பை ‘வேற்றுமொழி பேசும் அந்நியர்’ என்று மாற்றச் சொன்னேன். முனகிக்கொண்டே மாற்றினார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். வீட்டில் பிரித்தால் நெடுநல்வாடையில் நடுவே சில தாள்களைக் காணோம். போய்க் கேட்டதற்கு, “பாத்துத்தானேங்கக்கா எடுக்கணும்” என்றார். பணம் திரும்பவில்லை. கீழ்த்தட்டுப் புத்தகங்களில் ஈரம் ஏறி அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் கிழியும். ஜிபே உண்டு. சாயங்காலம் கைடு வாங்க வரும் கூட்டம் வாசலை அடைத்துவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.