வெள்ளியங்கிரி ஏற பையில எதை வைக்கிறது: பெட் பாட்டிலா ஸ்டீலா, பாக்கெட்டா டப்பாவா

தண்ணி பாட்டில்ல இருந்தே ஆரம்பிக்கிறேங்க. கோயம்புத்தூர் பக்கம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏற பூண்டி அடிவாரத்துக்குப் போனா, அங்க ஃபாரஸ்ட்காரங்க பையைத் தொறந்து முதல்ல தேடுறது அதைத்தான். பிளாஸ்டிக் பாட்டில்னா 20 ரூபா வாங்கிட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, எறங்கி வந்து ஸ்டிக்கரோட காட்டினா காசு திரும்பக் கெடைக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனா மூடிக்கு ஸ்டிக்கர் கெடையாதே! போன தடவ படிக்கட்டு ஓரமா ஒரு இடத்துல உக்காந்து மூச்சு வாங்கும்போது சும்மா காலடியில பாத்தேன், சருகுக்கு நடுவுல நீலமும் வெள்ளையுமா ஏழு மூடி, பாட்டில் ஒண்ணு கூட இல்ல.

பெட் பாட்டிலுக்கு ஒரே பிளஸ் வெயிட்டு. ஸ்டீல் பாட்டில் காலியாவே கனக்கும், முதல் மலை படியில அது ஒவ்வொரு அடிக்கும் இடுப்புல இடிக்கும்போது இதை எதுக்குடா தூக்கிட்டு வந்தோம்னு தோணும், பொய் சொல்லல. ஆனா அறுநூறு எழுநூறு குடுத்து வாங்குனதை யாரும் பாறை இடுக்குல சொருகிட்டு வரமாட்டாங்க, 20 ரூபாய போனாப் போகட்டும்னு விட்டுட்டு வர்ற ஆளுங்க நெறைய. வாய் அகலமா இருக்குற ஸ்டீல் பாட்டிலா இருந்தா சுனையில புடிக்கவும் ஈஸி. என் ஓட்டு ஸ்டீலுக்குத்தான், ஒரு லிட்டர் போதும்.

சாப்பாட்டுல விஷயம் கொஞ்சம் சிக்கல். பிஸ்கட் பாக்கெட்டை கீழயே பிரிச்சு பேப்பர்ல கொட்டிக் குடுத்துருவாங்க, மூணாவது மலை வர்றதுக்குள்ள அது தூளாயிரும். சரி ஹோட்டல்ல புளிசாதம் கட்டிட்டுப் போலாம், இலைதானேன்னு நெனப்போம், பிரிச்சுப் பாத்தா இலைக்கும் பேப்பருக்கும் நடுவுல வழுவழுன்னு ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். நிஜமான வாழை இலையாவே இருந்தாலும் மக்கிப்போயிரும்னு மிச்ச சோத்தோட வீசுறதுல எனக்கு உடன்பாடில்ல. ஆரஞ்சுத் தோலு கூட மேல குளிர்ல மக்க மாசக்கணக்காகும், அதுக்குள்ள குரங்கு வந்து ருசி பாத்துரும், அப்பறம் அடுத்து ஏறி வர்றவன் பையைத்தான் அது புடுங்கும். உப்பும் புளியும் ஒட்டுன கவர் யானைக்கும் வாசனைதான், 2025 மே மாசம் மருதமலை அடிவாரத்துல செத்துப்போன கர்ப்பிணி யானை வயித்துல பிளாஸ்டிக் கெடந்ததா செய்தி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அதனால வீட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்தான் பெஸ்ட்டு. காலியானதும் பழத்தோலு, குப்பை எல்லாத்தையும் அதுலயே போட்டு மூடி எறக்கிட்டு வந்துரலாம்.

குளிருக்கு நெருப்பா ஸ்வெட்டரான்னு கேட்டா இதுல ஒப்பிட என்னங்க இருக்கு. பிப்ரவரில இருந்து மே வரைக்கும் ஏறுற சீசன், அதே மாசத்துலதான் புல்லு பூரா காஞ்சு கெடக்கும். 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணி மலையில 23 பேர் செத்துப்போனது இந்த மாதிரி காஞ்ச புல்லுல ஏறி வந்த தீயிலதான். ஸ்வெட்டர், குல்லா, அவ்ளோதான். கற்பூரம் ஏத்துற ஆளுங்களும் காத்தைப் பாத்துட்டு ஏத்துங்க சாமி.

அடுத்து யாரும் எழுத மாட்டேங்கிற மேட்டர், கக்கூஸ் போறது. குழி தோண்டி மூடுறதா, கீழயே முடிச்சுட்டு வர்றதா? ட்ரெக்கிங் புத்தகத்துல அரை அடிக்கு மேல குழி, தண்ணியில இருந்து 60 மீட்டர் தள்ளின்னு இருக்கும், ஆளில்லாத காட்டுக்கு அது சரி. இங்க ராத்திரி பூரா கூட்டம் ஏறுது, எல்லாரும் தோண்டினா மண்ணு என்ன ஆகும், இருட்டுல பாதையை விட்டு 60 மீட்டர் போறது யானைகிட்ட போய் நிக்கிறதுக்கு சமம். அடிவாரத்துல கழிப்பறையில முடிச்சுட்டே ஏறுங்க. வெட் வைப்ஸ் வேணாம், துணி மாதிரி தெரிஞ்சாலும் பெரும்பாலும் பிளாஸ்டிக் நூலுதான். மலை மேல இருக்குற ஆண்டி சுனையில குளிக்கிறீங்கன்னா சோப்பு, ஷாம்பு பாக்கெட் ரெண்டும் வீட்டுலயே இருக்கட்டும், ஹெர்பல்னு போட்டிருந்தாலும் சரி.

கடைசியா தடி. மடக்குற ட்ரெக்கிங் போல் முட்டிக்கு நல்லாத்தான் இருக்கு, எறங்கும்போது தெரியும், ஆனா இரும்பு முனை பாறையில கீறிக்கிட்டே வரும், ரப்பர் குல்லா மாட்டினா அது எங்கயாச்சும் கழண்டு விழுந்துரும். மூங்கில் தடிக்கு அந்தத் தொந்தரவே இல்ல. வருஷா வருஷம் புதுசு வாங்கவும் வேணாம், எங்கப்பா ஏறுன தடி பூஜை ரூம் மூலையில நின்னுச்சு, போன தடவ அதையேதான் தூக்கிட்டுப் போனேன்.