சங்கத்தின் மெயில் பட்டியலும் கூகுள் கான்டாக்ட்ஸும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் மெயில் பட்டியலைப் பல வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆண்டு விழா அழைப்பு, பொதுக்குழு நோட்டீஸ், உதவித்தொகை அறிவிப்பு, இரங்கல் செய்தி எல்லாமே இதன் வழியாகத்தான் போகின்றன. பட்டியல் இருப்பது ஜிமெயிலோடு சேர்ந்து வரும் முகவரிப் புத்தகமான கூகுள் கான்டாக்ட்ஸில். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில நூறு பேர் உள்ள சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், வாசகர் வட்டம் போன்றவற்றுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் எந்த மென்பொருளிலும் பட்டியல் தானாகச் சுத்தமாக இருக்காது. சுத்தம் செய்வது என்றதும் பலர் அழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர்: எந்தப் பதிவையும் அழிக்காதீர்கள், அவருக்கு ஏன் அனுப்புவதில்லை என்று குறித்து வையுங்கள்.

காரணம் இருக்கிறது. எந்தச் சங்கத்திலும் பட்டியல் ஒன்றாக இருப்பதில்லை. பழைய செயலாளரிடம் ஒரு எக்செல் ஷீட், பொருளாளரிடம் சந்தா கட்டியவர்கள் பட்டியல், வெள்ளி விழாவுக்குப் பதிவு செய்தவர்கள் பட்டியல் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். நீங்கள் ஒரு மெயில் ஐடியை அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கும்போது, யாரோ ஒருவர் "இதுல நிறைய பேர் இருக்காங்க, சேர்த்துக்கோங்க" என்று பழைய ஷீட்டை அனுப்புவார். அதை ஏற்றியதும் செத்துப்போன ஐடிகள் எல்லாம் உயிரோடு திரும்பி வந்துவிடும். பதிவு இருந்து, அதில் 'திரும்பி வந்தது' என்ற லேபிளும் (பதிவின் மேல் ஒட்டும் அடையாளச் சொல்) இருந்தால், ஏற்றுவதற்கு முன் ஒப்பிட்டு ஒதுக்கிவிடலாம்.

நான் வைத்திருக்கும் லேபிள்கள் நான்குதான். அனுப்பலாம், திரும்பி வந்தது, வேண்டாம் என்றவர், மறைந்தவர். பேட்ச் ஆண்டுக்குத் தனி லேபிள்கள் உண்டு, அது வேறு கணக்கு. குறிப்புப் பெட்டியில் எந்தத் தேதியில், யார் சொல்லி மாற்றினேன் என்று ஒரு வரி எழுதுவேன். அந்த ஒரு வரிதான் இரண்டு வருடம் கழித்துக் கை கொடுக்கும். மறைந்தவர் என்ற லேபிளை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இறந்தவர் பெயருக்கு ஆண்டு விழா அழைப்பு போய், அதை அவர் மனைவியோ மகளோ திறந்து பார்ப்பது எந்தச் சங்கத்துக்கும் நேரக் கூடாதது.

இனி, திரும்பி வரும் மெயில்கள். இதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'டெலிவரி ஆகவில்லை' என்று வரும் கடிதத்தின் அடியில் சில எண்கள் இருக்கும். 4-ல் தொடங்கினால் தற்காலிகம், 5-ல் தொடங்கினால் நிரந்தரம் என்பது பொது விதி. 550 5.1.1 என்றால் அப்படி ஓர் ஐடியே அங்கே இல்லை. உடனே லேபிளை மாற்றிவிடலாம். 4.2.2 அல்லது 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தைப் படங்களும் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்து தின்றுவிட்டால் மெயில் உள்ளே போகாது. அந்த ஐடி உயிரோடுதான் இருக்கிறது. ஒரு போன் செய்து "இடம் நிரம்பிடுச்சு, பாருங்க" என்று சொன்னால் சரியாகிவிடும். 5.7 என்று தொடங்கும் எண்களில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அது பெரும்பாலும் பெறுபவரின் குறை இல்லை. அனுப்பும் நம் டொமைனுக்கு (ஐடியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) எஸ்பிஎஃப், டிகேஐஎம் போன்ற அடையாளச் சரிபார்ப்பு இல்லை, அல்லது நம் கடிதம் ஸ்பாம் போலத் தெரிந்தது என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு நல்ல ஐடிகளை வரிசையாகத் தூக்குவது பெரிய இழப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டதால், இந்த வேறுபாடு தெரிந்திருப்பது முன்பைவிட அவசியம்.

ஐடியைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம். 'எம்டி2', 'எம்டி3' என்று, அப்போது இணையச் சேவை தந்த அரசு நிறுவனமான விஎஸ்என்எல்லின் சென்னை சர்வர் பெயரோடு இருந்தால், போன் லைனில் இணையம் வந்த டயல்-அப் காலத்தவர். பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட் இருந்தால் அதற்குச் சற்றுப் பின்னால் வந்தவர். இவற்றோடு ரெடிஃப், ஹாட்மெயில், யாஹூ, கடைசியாக 2004-க்குப் பிறகு ஜிமெயில். விஎஸ்என்எல், சஞ்சார்நெட் ஐடிகளைச் சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம், நேராகப் போனை எடுத்துவிடுவது நல்லது. அலுவலக ஐடிகளும் அப்படித்தான். வேலை மாறினால் அல்லது ஓய்வு பெற்றால் அன்றோடு போயிற்று. அதனால் புதிதாகச் சேர்பவரிடம் சொந்த ஐடியையே கேட்டு வாங்குகிறேன்.

யாஹூவில் கூடுதல் கவனம் தேவை. நீண்ட நாள் பயன்படுத்தாத ஐடிகளை வேறு ஆட்களுக்குத் தருவதாக அந்த நிறுவனம் 2013-ல் அறிவித்தது. ஆகவே மெயில் திரும்பி வரவில்லை என்பதற்காக அது நம் உறுப்பினருக்குத்தான் போகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நீக்கப்பட்ட ஜிமெயில் ஐடியை வேறொருவருக்குத் தருவதில்லை. ஆனால் 2 வருடம் தொடாத கணக்குகளை நீக்கும் வேலையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. பேரன் உருவாக்கிக் கொடுத்து அப்படியே விட்டுவிட்ட ஐடிகள் மூத்த உறுப்பினர்களிடம் நிறைய உண்டு. அவற்றின் மீது ஒரு கண் வேண்டும்.

பெயர் விவகாரம் தனி. கூகுள் கான்டாக்ட்ஸில் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' என்ற வசதி ஒரே ஆள் இரண்டு முறை இருந்தால் காட்டிக் கொடுக்கும். உண்மையிலேயே நல்ல வசதி, ஆனால் 'எல்லாவற்றையும் இணை' என்ற பொத்தானை நான் தொடுவதே இல்லை. நம் பெயர்கள் அதற்கு ஒத்துவராது. ஒரே பேட்சில் மூன்று செந்தில்குமார் இருப்பார்கள். மூவரில் இருவருக்கு இனிஷியலும் ஒன்றாக இருக்கும். பாஸ்போர்ட்டுக்குப் பிறகு இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும். திருமணத்துக்குப் பின் சில பெண்களின் இனிஷியல் மாறும், சிலரது மாறாது. லட்சுமியை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி இருக்கிறதோ அத்தனை வழியிலும் பட்டியலில் லட்சுமி இருப்பார். இதற்கு நேர்மாறாக, அப்பாவும் மகனும் இதே கல்லூரியில் படித்திருப்பார்கள், அப்பாவின் பதிவிலும் மகனின் ஐடியே இருக்கும். ஐடி ஒன்றுதானே என்று இணைத்தால் 1974 பேட்ச்காரரும் 2003 பேட்ச்காரரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். எனவே பெயரை நம்பாமல், பேட்ச் ஆண்டு, துறை, செல்போன் எண் மூன்றையும் பார்த்த பிறகுதான் இணைக்க வேண்டும். தவறுதலாக ஏதாவது இணைந்துவிட்டால் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) உள்ள 'அன்டூ' மூலம் 30 நாள் வரை பட்டியலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நடுவில் செய்த மற்ற திருத்தங்களும் சேர்ந்தே போய்விடும்.

எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிப்பது எளிது. 'காம்' என்பதற்குப் பதில் 'கான்', ஜிமெயிலில் இரண்டு எழுத்து இடம் மாறுவது, இவற்றைத் தேடல் பெட்டியில் போட்டால் வந்துவிடும். ஜிமெயில் ஐடியின் நடுவில் உள்ள புள்ளிகளுக்கு மதிப்பில்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான். மற்ற நிறுவனங்களில் அப்படி நினைக்கக் கூடாது. யாஹூவில் 'டாட் காம்', 'டாட் கோ டாட் இன்' இரண்டும் வேறு வேறு ஐடிகள். கண்ணுக்குப் பிழை போலத் தெரிகிறதே என்று திருத்திவிடாதீர்கள்.

ஜிமெயில் அமைப்புகளில், நாம் மெயில் எழுதும் ஆட்களை எல்லாம் தானாகவே 'மற்ற தொடர்புகள்' பகுதியில் சேர்க்கும் வசதி உண்டு. சங்கக் கணக்கில் அதை நிறுத்திவிடுவது உத்தமம். இல்லாவிட்டால் பெயரை அடித்ததும் பழைய ஐடி முன்னால் வந்து நிற்கும்.

புதிய விவரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனித்தால் வேலை பாதியாகும். மெயில் அனுப்பி "உங்கள் ஐடி மாறிவிட்டதா" என்று கேட்டால் மாறியவருக்கு அந்த மெயிலே போகாது. உண்மையான செய்தி பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் வரும். "நம்பர் மாத்திட்டேன்", "பெங்களூருக்கு வந்தாச்சு", "சார் நேத்து தவறிட்டார்" என்று அங்கேதான் சொல்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பேட்சிலும் ஒருவரைப் பிடித்து, அங்கே வருவதை அன்றன்றைக்கே எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆண்டு விழா வரவேற்பு மேசையிலும் வெற்றுப் படிவம் கொடுப்பதில்லை. இருக்கும் விவரத்தை அச்சடித்து நீட்டினால் ஆட்கள் பேனாவை வாங்கி அடித்துத் திருத்துகிறார்கள். வெற்றுப் படிவத்தைப் பார்த்தால் பாதி பேர் "அப்புறம் தர்றேன்" என்று சாப்பிடப் போய்விடுவார்கள்.

அனுப்பும் விஷயத்தில், சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. அதைத் தாண்டிய சங்கங்கள் செய்திமடல் சேவைக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சில சேவைகள் 'வேண்டாம்' என்று விலகியவரையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கட்டணம் போடுகின்றன. அவர்களை ஆவணப் பகுதிக்கு (ஆர்க்கைவ்) மாற்றிவிட்டால் பணம் மிச்சம். யார் திறந்து படித்தார்கள் என்று அந்தச் சேவைகள் காட்டும் கணக்கை வைத்து யாரையும் நீக்காதீர்கள். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்புக்குப் பிறகு, படிக்காத மெயிலும் படித்ததாகக் கணக்கில் வரும்.

பட்டியலைக் கோப்பாக எடுத்து எக்செலில் நேரடியாகத் திறந்தால் நாட்டுக் குறியீட்டோடு உள்ள செல்போன் எண்கள் 9.19E+11 என்பதுபோலச் சுருங்கிவிடும், தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகும். அப்படியே சேமித்துத் திரும்ப ஏற்றினால் மொத்தப் பட்டியலும் போயிற்று. கூகுள் ஷீட்ஸில் திறந்தால் தமிழ் கெடாது. எண் உள்ள நெடுவரிசையை எண்ணாக இல்லாமல் எழுத்தாக (டெக்ஸ்ட்) வைத்துக்கொள்ளுங்கள்.

வசதிக்காக முழுப் பட்டியலையும் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லும் நிர்வாகிகள் உண்டு. நான் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. உறுப்பினர் தன் முகவரியைக் கொடுத்தது சங்கத்துக்கு, காப்பீடு விற்பவருக்கு இல்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. யாராவது "எனக்கு வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினாலே போதும், காரணம் கேட்காமல் அன்றே லேபிளை மாற்றிவிடுகிறேன்.

தொடங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் முதல் நாளே செய்யுங்கள். கணக்கைச் செயலாளரின் சொந்த ஐடியில் வைக்காமல் சங்கத்தின் பெயரில் தனியாகத் திறங்கள். நிர்வாகம் மாறும்போது கடவுச்சொல்லோடு, மீட்பு எண்ணையும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான போனையும் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்து மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே யாருடைய சொந்தக் கணக்கிலாவது பட்டியல் இருந்தால், அவர் பொறுப்பில் இருக்கும்போதே ஏற்றுமதி செய்து வாங்கிவிட வேண்டும்.