கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்து வாடகை வீடு: ஒரு மோட்டரின் வரலாறு

என் யாழ்ப்பாணத்து வீட்டு வாடகை ஒழுங்காக வருகிறதா என்று கேட்காத ஆள் இல்லை. வருகிறது. மாதம் பிறந்து ஐந்தாம் திகதிக்குள் வங்கிக் கணக்கில் விழுந்துவிடுகிறது. கொரோனாக் காலத்தில் கொஞ்சம் தாமதமானதே தவிர நின்றதில்லை. ஆனால் கிணற்று மோட்டரைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கொள்ளுப்பிட்டியில் என்னோடு வேலை செய்யும் நண்பர் போன வாரம் கேட்டார். அந்த வாரம்தான் மோட்டர் மறுபடியும் எரிந்திருந்தது. ஆகவே என் பதிலில் கொஞ்சம் புகை வாடை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இரண்டு பரப்பு (யாழ்ப்பாணத்து நில அளவு) காணி. மூன்று அறை, ஓட்டுக் கூரை, வெட்டுக் கிணறு, கோடிப் பக்கத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். 2018இல் 180 இலட்சத்துக்கு வாங்கினோம். பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம் என்பதால் வீடு வெறுமையாகக் கிடந்த காலம் மிகக் குறைவு. முதலில் மாற்றலாகி வந்த வங்கி அலுவலர் ஒருவரின் குடும்பம் இருந்தது. இப்போது விரிவுரையாளர் தம்பதி இருக்கிறார்கள். இரு வீட்டாரையும் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சுவரில் கேட்காமல் ஆணி அடித்தவர்கள் அல்லர். மாம்பழக் காலத்தில் பெட்டி கட்டி இரவு பஸ்ஸில் ஏற்றி, கொழும்பு வெள்ளவத்தையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்புகிறார்கள். சொந்த மரத்துப் பழத்தை வாடகைக்கு இருப்பவர் அனுப்பி நான் சாப்பிடுவதில் உள்ள ருசியை எந்த முதலீட்டு ஆலோசகரும் கணக்கில் சேர்க்கமாட்டார்.

இனி மோட்டர். குடாநாட்டு நிலம் சுண்ணக்கல். வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வீட்டுக்கு வீடு கிணறுதான். நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு கேத்தலில் படிகிறது, குழாய் வாயில் படிகிறது, கிணற்றுக்குள் கிடக்கும் புட்வால்விலும் படிகிறது. உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் ஒருவழிக் கதவு அது. மோட்டர் நின்ற பிறகு குழாயில் உள்ள நீர் கிணற்றுக்குத் திரும்பி இறங்காமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. சுண்ணாம்பு படிந்தால் கதவு முழுதாக மூடாது. இரவோடு இரவாக நீர் இறங்கிவிடும். காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டர் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஓடும். ஓசை கேட்கிறது, ஆகவே தாங்கி நிரம்புகிறது என்று வீட்டில் இருப்பவர் நினைத்துக் குளிக்கத் தயாராவார். கொஞ்ச நேரத்தில் சீல் போய், கொயில் எரிந்து, எனக்கு வைபரில் அழைப்பு வரும்.

ஒருமுறை கழற்றிய புட்வால்வைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பித்தளையே தெரியவில்லை. வாயைச் சுற்றி முட்டை ஓடு போல வெள்ளை. வாஷருக்கும் விளிம்புக்கும் நடுவில் அரிசிக் குறுணி அளவில் ஒரு கல். அதைச் சுரண்டி எடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு 400 கிலோமீற்றர் தள்ளி நான் இருக்கிறேன். தொலைதூர வாடகை வீட்டின் முழுச் சிக்கலும் இதுதான்: பெரிய செலவு வந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம், சின்ன வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஆள் இல்லை என்றால் உறவுக்காரர் இருக்கிறாரே என்பீர்கள். நம்மில் எல்லாரும் சொல்வது அதுதான்: “அங்கே அத்தான் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்.” என் அத்தான் கோண்டாவிலில் இருக்கிறார். தங்கமான மனிதர், சல்லிக்காசு எடுக்கமாட்டார். ஆனால் அவரிடம் பற்றுச்சீட்டு கேட்க முடியுமா? கேட்டால் அது நல்லூர்த் திருவிழா முடியும் வரை குடும்பத்துக்குள் பேச்சாக இருக்கும். அவருக்குத் தெரிந்த மெக்கானிக்தான் வருவார். எரிந்த மோட்டருக்கே திரும்பத் திரும்பக் கொயில் கட்டுவார். புட்வால்வை மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள். அதை மாற்றச் சொல்லுங்கள் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது அத்தான் சொன்ன பதில் இது: “தம்பி, கொழும்பில் இருந்துகொண்டு கிணறு இறைக்காதேயும்.”

அதனால்தான் நண்பருக்கு முதலில் சொன்னேன்: உறவை உறவாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டைப் பார்க்கக் கூலிக்கு ஆள் வையுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற மின்வேலைக்காரர் ஒருவருக்கு இப்போது மாதம் மூவாயிரம் கொடுக்கிறேன். மாதம் ஒருமுறை புட்வால்வைத் தூக்கிப் பார்க்கிறார், தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் பூட்டியிருக்கிறார், கூரையில் ஓடு விலகியிருந்தால் படம் அனுப்புகிறார். பிழை என்றால் பிழை என்று அவரிடம் சொல்லலாம். அவரும் என்னிடம் சொல்லலாம். பிறகு ஏன் போன வாரம் எரிந்தது? மிதவை சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கிறது. அவசரத்தில் யாரோ வயரை நேராகத் தொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று விசாரிக்கும் தெம்பு எனக்கு இல்லை.

பணக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இன்று வாடகை 60,000 ரூபாய். வருடத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம். வாங்கிய விலையில் 4 வீதம். 2022இல் நிலையான வைப்புக்கு வங்கிகள் 20 வீதத்துக்கு மேல் கொடுத்தபோது என் மனைவி இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். ஆனால் அதே வருடம் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதையும் பார்த்தோம். வங்கியில் இருந்த ரூபாய் கரைந்தது. வீடு வீடாகவே நின்றது. இப்போது வைப்பு வட்டியும் இறங்கிவிட்டது, காகிதம் மேசையில் இல்லை. மாத வாடகை ஓர் இலட்சத்தைத் தாண்டினால் 10 வீதம் பிடித்துவைக்கும் வரி உண்டு. நமக்கு அது பொருந்தவில்லை. வருமான வரியில் வாடகையின் 25 வீதத்தைத் திருத்தச் செலவுக்கென்று கழித்துக்கொள்ளலாம். மோட்டரைப் பற்றி அரசாங்கத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

காகித வேலையில் கொழும்புக்காரர் அசட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (நோட்டரி) முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தின் முன் நிற்காது. 1840ஆம் ஆண்டிலிருந்து அதுதான் சட்டம். வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பதில் பயனில்லை. குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டைச் சுருக்க நடைமுறையில் மீட்க 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. குத்தகை ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்தான் அது கைகொடுக்கும். வாங்கும்போது யாழ்ப்பாணத்து நொத்தாரிசையே பிடியுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் காணியை விற்பதானாலும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். பங்குதாரர்களுக்கு முன்னுரிமையாக வாங்கும் உரிமை உண்டு. இவற்றைக் கொழும்பு நொத்தாரிசு புத்தகம் பார்த்துச் சொல்வார். அங்குள்ளவர் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்ததும் எத்தனை சகோதரர், யார் கனடாவில் என்று கேட்பார். அந்தக் கேள்விதான் உங்களுக்கு வேண்டியது.

வேலியும் ஒரு விஷயம். மதில் இல்லாத காணி என்றால், வேலிக் கம்பான கதியாலை மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லை ஓர் அங்குலம் நகரும் ஊர் அது. உங்கள் காணியை வேறொருவர் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் அவர் ஆட்சியுரிமை பேசவும் வழியுண்டு. போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு 2016இல் விசேட சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. வெள்ளவத்தையில் சோம்பலாக இருப்பவர்களுக்கு எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை. நாங்கள் வாங்கியவுடன் நில அளவையாளரை வைத்துக் கல் நட்டோம், மதிலும் கட்டினோம். அந்தச் செலவு எனக்கு ஒருநாளும் கசந்ததில்லை. மின்கட்டணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்: 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியதிலிருந்து நிலுவை என்பது சில்லறை விஷயமில்லை. கடைசிப் பட்டியலைப் பார்க்காமல் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

வாடகை வருகிறது, இருப்பவர்கள் நல்லவர்கள், காணி விலை ஏறியிருக்கிறது, மாம்பழமும் வருகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் வாங்கலாம்தானே?” என்றார் நண்பர். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கியது. அடுத்த மாதம் கேட்டால் வேறு பதில் சொல்வேனோ தெரியாது. இந்த மாதம் பதில் இதுதான்.

மீறி வாங்குவதானால் வீட்டை இரண்டு தடவை போய்ப் பாருங்கள். ஆவணியில் கிணறு எவ்வளவு இறங்குகிறது, நீர் உவர்க்கிறதா என்று பார்க்க ஒரு தடவை. கார்த்திகை மழையில் வளவில் வெள்ளம் எங்கே தேங்குகிறது, கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க இன்னொரு தடவை. சித்திரையில் வெள்ளையடித்த வீட்டைக் காட்டி முற்பணம் கேட்கும் தரகரிடம் அவசரப்படாதீர்கள். பிறகு கிணற்றடிக்குப் போய், புட்வால்வைக் கடைசியாக மாற்றியது யார், எப்போது என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் விலையில் பேரம் பேசாதீர்கள்.