கொல்லம் 1578, தரங்கம்பாடி 1715: எது அரிது, எது பெரிது?

பழைய தமிழ் அச்சு நூல் என்றதும் இரண்டு பெயர்கள் வரும். முதலாவது, என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறித்தவ சமய நூல். வெறும் 16 பக்கம். மெய்யெழுத்துகளில் புள்ளி கிடையாது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் அப்படியே அச்சுக்கு வந்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. சேகரிப்பவர் ஆசைப்படலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வெளியிட்ட புதிய ஏற்பாடு. அது வேறு ரகம். எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் கப்பலில் வந்தன. ஆனால் அவை பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். அச்சு ஒரு தொழிலாக வேர்விட்ட கதை இதில்தான் தெரிகிறது.

வயதையும் அருமையையும் மட்டும் பார்த்தால் கொல்லம்தான். அதில் வாதமே இல்லை. ஆனாலும் என் ஓட்டு தரங்கம்பாடிக்கு. முந்தைய முயற்சி நூற்றாண்டு தாண்டித் தொடரவில்லை. தரங்கம்பாடி அச்சகமோ சீகன்பால்கு 1719இல் மறைந்த பிறகும் இயங்கியது.