நீலப் புகையா? சுங்கை சிப்புட் பட்டறை ஒன்றைப் பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பட்டறை இது. பெரிய பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. மார்க்கெட் பக்கம் உள்ள டயர் கடையை ஒட்டிய சந்தில் நுழைந்தால், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கார் நிற்கிற இடம். நடத்துகிற அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தோட்டத்து லாரிகளில் கை பழகி வந்தவர்.

என்னுடையது 2003ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை என்பதால் தினமும் செம்மண் சாலையில்தான் ஓட்டம். சில மாதங்களாக, வண்டி நெடுநேரம் நின்றபின் ஸ்டார்ட் செய்தால் பின்னால் குப்பென்று நீலப் புகை. பள்ளி முடிந்து பிள்ளைகள் வேனுக்குக் காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஆசிரியர்கள் கார் நிறுத்துவோம். புகை அவர்கள் முகத்துக்கு நேராகப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் வேறொரு பட்டறையில் காட்டினேன். அங்கிருந்த ஃபோர்மன் புகையைப் பார்த்த மாத்திரத்தில், “பிஸ்டன் ரிங் போச்சு டீச்சர், ஓவர்ஹால்தான்” என்றார். அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்துவிட்டது, எஞ்சினையே பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகுமாம். உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர்தான், எதற்கும் இந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார்.

இவர் எடுத்ததும் பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். “எப்ப புகையுது டீச்சர்? ஸ்டார்ட் பண்ணும்போதா, மேடு ஏறும்போதா, இறக்கத்துலயா? தண்ணி குறையுதா, எண்ணெய் குறையுதா?” எண்ணெய் குறைகிறது, தண்ணீர் அப்படியே இருக்கிறது என்றேன். நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து, கீழே மறுபடி மிதிக்கும்போது புகை வந்ததைப் பின்னால் இன்னொரு காரில் வந்த என் தம்பி பார்த்திருக்கிறான். அதையும் சொன்னேன். உடனே தலையாட்டினார். ஆனால் முடிவு எதுவும் சொல்லவில்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், வண்டியை இரவு விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். குமிழி வரவில்லை. எண்ணெய் மூடியின் உட்புறமும் சுத்தம். தண்ணீர் கலந்திருந்தால் அங்கே தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் படிந்திருக்கும் என்றார். ஆக, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் நல்லபடி இருக்கிறது. அது போயிருந்தால் புகை வெள்ளையாக, அடர்த்தியாக, எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வரும், இனிப்பு வாடையும் அடிக்கும். குளிர்ந்த காலையில் வரும் மெல்லிய வெள்ளை ஆவி வேறு. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவிதான் அது. குழாய் சூடானதும் மறைந்துவிடும். அதைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம்.

அப்புறம் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்றாவதில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தார். நான்கும் 165-க்கும் 175 psi-க்கும் நடுவில், ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் இந்த எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவை நன்றாக ஏற்றிவிடும். என் வண்டியில் முள் ஏறியதாகவே தெரியவில்லை. ஓவர்ஹால் தேவையில்லை என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

காரணம் வால்வு சீல். வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் சின்ன ரப்பர் அது. சூட்டில் நாளாக ஆக இறுகிவிடுகிறது. வண்டி நிற்கும்போது மேலே இருக்கும் எண்ணெய் தண்டு வழியே சிலிண்டருக்குள் கசிகிறது, ஸ்டார்ட் செய்ததும் எரிகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் உறிஞ்சும் விசை அதிகமாகி அதே வழியாக எண்ணெயை இழுக்கிறது. ரிங் கோளாறு என்றால் மேட்டில் பாரம் இழுக்கும்போதுதான் புகை கூடும்.

ஹெட்டை இறக்காமலே வேலையை முடித்தார். பிளக் துளை வழியே கம்ப்ரசர் காற்றை ஏற்றி, வால்வு உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு சீலையும் மாற்றினார். கழற்றிய ஒன்றை என் கையில் கொடுத்தார். நகத்தால் அழுத்தினேன், வளையவில்லை, விண்டுவிட்டது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் பி.சி.வி. வால்வையும் எடுத்துக் காதருகே ஆட்டிக் காட்டினார். கடகடவென்று சத்தம் கேட்டால் நல்லது. அது அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் எரியும், விலையோ சொற்பம்.

சோதனைக்கு 50 வெள்ளி. வேலையை அங்கேயே செய்தால் அதைக் கழித்துவிடுகிறார். எல்லாம் சேர்த்து எனக்கு 380 வெள்ளி ஆனது. இப்போது புகை இல்லை, எண்ணெய்க் கம்பியில் அளவும் இறங்கவில்லை.

நான் இருந்தபோதே கரும்புகை கக்கிக்கொண்டு ஒரு கஞ்சில் கார் வந்தது. காற்று ஃபில்டரை எடுத்துத் தட்டினார், தோட்டத்துச் செம்மண் கொட்டியது. காற்று போதாமல் பெட்ரோல் மிஞ்சினால் கரும்புகைதான். ஃபில்டருக்கு மட்டும் காசு வாங்கி அனுப்பிவிட்டார்.

குறை என்றால் நேரம்தான். ஒரே ஆள். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்கு முன்பு செம்பனை லாரிகள் வந்து நின்றால் நம் வேலை தள்ளிப்போகும். ஏர்கோண்ட் வேலை செய்வதில்லை. ரசீது கேட்டால்தான் எழுதித் தருகிறார். அதை அவர் மாற்றிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. புகைப் பிரச்சினைக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை முதல் ஸ்டார்ட்டை அவரே செய்து பார்க்கட்டும்.