ஸ்டாஃப் நச்சு எலைசா கிட்: நல்ல சரக்குதான், பச்சைப் பாலில் மட்டும் உஷார்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நச்சுகளில் ஏ முதல் இ வரையான ஐந்தையும் ஒரே வெல்லில் (பிளேட்டில் உள்ள சிறு குழியில்) தேடும் சாண்ட்விச் எலைசா கிட் இது: பிளேட்டில் ஒட்டிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதம்) நச்சைப் பிடிக்கும், மேலே ஊற்றும் நொதி சேர்த்த இன்னொரு ஆன்டிபாடி அதன்மேல் ஒட்டி நிறம் காட்டும். கம்பெனி பெயர் வேண்டாம்; குறையும் சொல்லப்போகிறேன்.

கிருமியை வளர்த்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது விட்டுப்போன நச்சு சாகாது. 2000இல் ஜப்பானில் 13,000க்கும் மேற்பட்டோரைப் படுக்க வைத்த பால் விவகாரம் இதுதான்: பால் பவுடரில் கிருமி செத்திருந்தது, ஏ நச்சு அப்படியே இருந்தது.

கிட்டின் பலம் உணர்திறன். மிகச் சிறிய அளவு நச்சுக்கும் நீலம் ஏறுகிறது. அமிலம் விட்டதும் மஞ்சளாகி 450 நானோமீட்டர் ஒளியில் தெளிவாகப் படிக்க முடிகிறது. ஐந்தில் எது என்று மட்டும் சொல்லாது.

தலைவலி புரோட்டீன் ஏ. இதே கிருமி வெளியிடும் புரதம்தான், ஏ நச்சு இல்லை. ஆன்டிபாடியின் வாலைக் கவ்விக்கொள்ளும். பிளேட்டில் ஒட்டிய ஆன்டிபாடியையும் மேலே ஊற்றும் ஆன்டிபாடியையும் அதுவே இணைத்துவிட்டால், நச்சே இல்லாத சாம்பிளும் பாசிட்டிவ். இதற்காக முயல் சீரம் ஒரு குப்பியில் வருகிறது. சாம்பிளில் முன்கூட்டியே கலந்துவிட்டால் புரோட்டீன் ஏ அந்தச் சீரத்தில் உள்ள ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். இவ்வளவு முக்கியமான படியைக் கையேட்டில் 'தேவைப்பட்டால்' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள். கோழி முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் ஆன்டிபாடியைப் புரோட்டீன் ஏ பிடிக்காது. அதை வைத்தே கிட்டைச் செய்திருந்தால் இந்தக் குப்பிக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்தது பால். பாலிலேயே பெராக்சிடேஸ் நொதி உண்டு. 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிய பாலிலும் மிஞ்சும். கிட்டின் நிறம் காட்டும் நொதியும் பெராக்சிடேஸ்தான் என்பதால், வாஷ் சரியாக இல்லையென்றால் பால் தானாகவே நீலமாகும். ஒரு வெல்லில் நொதி சேர்த்த ஆன்டிபாடியை ஊற்றாமல், சாம்பிளும், நொதி பட்டால் நிறம் மாறும் சப்ஸ்ட்ரேட்டும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் நீலம் வந்தால் அது பாலின் வேலை. கிட்டில் தரும் நெகட்டிவ் கன்ட்ரோல் (நச்சில்லாத ஒப்பீட்டுச் சாம்பிள்) வெறும் பஃபர் கரைசல்; இதைக் காட்டிக்கொடுக்காது. நச்சில்லாத அதே வகை உணவை நாமே ஓட்ட வேண்டியிருக்கிறது, அதற்கே வெல்கள் கரைகின்றன.

நன்றாக வெந்த உணவில் நெகட்டிவ் வந்தாலும் உடனே நிம்மதி வேண்டாம். சூட்டில் நச்சின் உருவம் குலைந்து ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாமல் போகலாம், வாந்தி வரவைக்கும் சக்தி மிச்சம் இருக்கும்போதே. இது இந்த கிட்டின் குறை மட்டும் இல்லை.

வாங்கலாம், சமைத்த உணவும் பால் பவுடரும் பார்ப்பவர்கள் தாராளமாக. தினமும் பச்சைப் பால் பார்ப்பவர்கள் முதலில் ஒரு பிளேட் மட்டும் வாங்கி, நச்சில்லை என்று தெரிந்த பாலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.